ஒன்றாம் வகுப்பு வரிசையில் நான்

நான் எழுந்து நின்றது ஒரு அம்மாவுக்கு நாற்காலி கொடுப்பதற்காக. வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. அன்றிலிருந்து எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம். என் மகள் அபி படிக்கும் மலையாளப் பள்ளிக்கூடத்தின் ஹால். வாசலில் குடைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தலைமை ஆசிரியை லதா டீச்சர் கேட்டார்: "இந்த வருஷம் பி.டி.ஏ. பிரசிடெண்ட் ஆகத் தயாராக இருப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் மும்முரமானார்கள். சிலர் போனைப் பார்த்தார்கள். சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் தன் செருப்பின் வாரை அவிழ்த்துத் திரும்ப மாட்டினார்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் நனைந்த குடை. உட்கார இடமில்லை. யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று நானும் பார்த்தேன். எப்படி எழுவார்கள்? எழுந்தால் தலைவர்.

டீச்சர் கேட்டது எனக்கு நன்றாகவே விளங்கியது. எழுந்தால் என்ன ஆகும் என்பது என் மண்டைக்கு எட்டியது. கால்களுக்கு எட்டவில்லை. குழந்தை வீறிட்டது, நான் எழுந்துவிட்டேன்.

"வளரெ சந்தோஷம்!" என்று லதா டீச்சர் கை தட்டினார். ஹாலே கை தட்டியது. தப்பித்தவர்களின் கைதட்டல் எப்போதும் கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும்.

என் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்த அந்த அம்மா குழந்தையை மடியில் சரி செய்துகொண்டு கையைத் தூக்கினார். "நல்ல மனுஷ்யனா டீச்சரே. ஞான் பின்தாங்குந்நு."

முன்மொழிந்தாகிவிட்டது, வழிமொழிந்தும் ஆகிவிட்டது. இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறக்கலாம்தான். ஆனால் என் வாய் திறப்பதற்குச் சாதாரணமாக அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கூட்டம் முடிந்து டீ வந்துவிட்டது.

தும்மல் வரும் முன்னே

ஆரியசாலையில் என் முதலாளி அண்ணாச்சியின் மிளகாய் மண்டிக்கு மூட்டை சுமக்க நான் வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். வற்றல் மிளகாய் மூட்டையோடு இத்தனை வருஷம் இருந்தால் அந்தத் தூள் சட்டையில் மட்டும் நிற்பதில்லை. தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

நான் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் முதலில் யாராவது தும்முவார்கள். பிறகுதான் என்னைப் பார்ப்பார்கள். கூச்சக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போக நினைப்பவனுக்கு, முன்னாலேயே தாரை ஊதுகிற மாதிரி.

என் கூச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் "ஆளிறங்ஙணம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் கொடுத்ததில்லை. யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். கரமனையில் என் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் யாரும் இறங்காத நாட்களில் பஸ் என்னைத் தாண்டிக் கொண்டுபோய் விடும். எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கித் திரும்ப நடப்பேன். காலுக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

பெண் பார்க்கப் போனபோது நான் பார்த்தது ஒரு தட்டு முறுக்கை மட்டும்தான். செல்வியை முதலில் பார்த்தது தாலி கட்டும்போது. நல்லவேளை, முறுக்கைவிட நன்றாக இருந்தாள்.

அந்தச் சிரிப்பு

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருநெல்வேலிப் பக்கத்துச் சின்ன ஊர் அது. ஒரு நாள் வாத்தியார் என்னை எழுப்பி, மனப்பாடம் செய்த பாட்டைச் சொல்லச் சொன்னார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. வாத்தியார் சிரித்தார். வாத்தியாரே சிரித்த பிறகு வகுப்பு சும்மா இருக்குமா?

நான் படிப்பை விட்டதற்கு அது காரணமில்லை. வீட்டு நிலைமை வேறு. ஆனால் ஊரை விட்டுப் பஸ் ஏறியபோது அந்தச் சிரிப்பும் என் கூடவே டிக்கெட் இல்லாமல் ஏறி வந்துவிட்டது. எங்கே நான்கு பேர் கூடி நின்றாலும் அது எனக்குக் கேட்கும்.

அபியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன நாளில், அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரைக் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்டார்கள். அப்பாவும் சொல்லவில்லை. கடைசியில் செல்விதான் சொன்னாள்: "பேரு அபிநயா. ரெண்டும் ஒரே அச்சு டீச்சர். நீங்க ஒண்ணையாவது பேச வைங்க."

லதா டீச்சர் சிரித்தபடி சொன்னார்: "நோக்காம்." பார்ப்போம் என்று அர்த்தம்.

மறந்நு போயி

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை அசெம்பிளியில் தினமும் சில பிள்ளைகள் மைக்குக்கு முன்னால் வந்து ஏதாவது சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பெண் "இன்னு ராவிலெ தோசை" என்று காலையில் சாப்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளுக்கும் முழுக் கைதட்டல்.

பாதியில் மறந்துவிட்டால் திருதிருவென்று முழிக்கக் கூடாது. அழவும் கூடாது. "மறந்நு போயி!" என்று மைக்கில் உரக்கச் சொல்ல வேண்டும். உடனே மொத்தப் பள்ளிக்கூடமும் "சாரமில்லா!" என்று கத்தும். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு முதலிலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் போய் வரிசையில் நிற்கலாம். இரண்டுக்கும் கைதட்டல் ஒன்றுதான்.

அபி முதல் தடவை மைக்குக்கு முன்னால் போய் எதையும் தொடங்காமலேயே "மறந்நு போயி" என்றாள். "சாரமில்லா!" என்றது பள்ளிக்கூடம். அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறையும் அதேதான். பிறகு ஒரு நாள், கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நான் நின்றிருக்கும்போது, ஒலிபெருக்கியில் என் மகளின் குரல் வந்தது.

"என்றெ அச்சன் மிளகாய்ச் சாக்கு சுமக்கும். அச்சன் வந்நால் எல்லாவரும் தும்மும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கேட்டுப் பழகிய சிரிப்பு இல்லை. அதில் முள் இல்லை. அபியும் சேர்ந்து சிரித்தாள். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கு என்னவோ போல் இருந்தது. மிளகாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வாயை மூட வைப்பது எங்கள் பாடாகிவிட்டது. பாட்டு, நாடகம், பள்ளித் தோட்டத்தில் பயறு, வகுப்புத் தேர்தலில் நின்று தோற்று, ஜெயித்தவளோடேயே கைகோத்துக்கொண்டு வந்தது என்று ஏழாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஏழோடு பள்ளிக்கூடம் முடிகிறது. அந்தக் கடைசி வருஷத்தில்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

பேசாத தலைவர்

தலைவர் வேலை எனக்குப் பொருந்தவே செய்தது. மத்தியானச் சாப்பாட்டு அரிசி வந்தால் மூட்டையை இறக்கினேன். ஓடு நகர்ந்தால் ஏறிச் சரி செய்தேன். கூட்டங்களில் நான் தலையாட்டுவேன், டீச்சர் முடித்துவிடுவார். இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு விடுகிற பிரசிடெண்ட் இதற்கு முன் இருந்ததில்லை என்று எனக்கு நல்ல பெயர்.

மாசி வெயில் தொடங்கியபோது லதா டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"சேட்டா, வார்ஷிகம் வருது. அத்யக்ஷப் பிரசங்கம் நீங்கதான்."

வார்ஷிகம் என்றால் ஆண்டு விழா. அதில் பி.டி.ஏ. தலைவர் தலைமை வகித்துப் பேசினால்தான் மற்றதெல்லாம் தொடங்கும். இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் அரை மணி நேரம் காத்திராமல் உடனே வாயைத் திறந்தேன். நாற்காலி எல்லாம் நானே போடுகிறேன் என்றேன். பந்தல் கட்டுகிறேன், பாயசத்துக்கு வெல்லம் சுமந்து வருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் செய்யணும்," என்றார் டீச்சர். "அதோட பிரசங்கமும்."

வீட்டில் சொன்னேன். செல்வி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து கொழம்புல உப்புக் கொறவுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க பிரசங்கம் பண்ணப் போறீயளா?" என்று சிரிக்கத் தொடங்கியவள், நிற்க முடியாமல் அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் அண்ணாச்சி அதற்கு மேல். "ஏ முருகேசா, நீ பேசி நானே கேட்டதில்லயடே. ஊரு கேக்கப் போவுதா?"

உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாம் என்றுதான் தீர்மானித்திருந்தேன். அதற்குள் அபி அடுப்படியில் நின்று கரண்டியை மைக் மாதிரி பிடித்துப் பேசுவது காதில் விழுந்தது.

"அடுத்ததாயிட்டு, அத்யக்ஷப் பிரசங்கத்தினாயி, நம்முடெ பி.டி.ஏ. பிரசிடெண்ட், ஸ்ரீ எஸ். முருகேசன் அவர்களெ க்ஷணிக்குந்நு!"

விழாவுக்கு அறிவிப்பாளர் அவள்தான். பேச வருபவர்களை அவள்தான் அழைக்க வேண்டும். என் பெயர் அதுவரை எந்த மைக்கிலும் ஏறியதில்லை. ரேஷன் கடையில்கூடக் கையைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள். இவள் எஸ் என்ற எழுத்துக்குக்கூட ஒரு அழுத்தம் கொடுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டு, அந்த நாற்காலி காலியாக இருந்தால்? மேடையில் ஏறுவதும் முடியாது, ஏறாமல் இருப்பதும் முடியாது.

லதா டீச்சரிடமே போய் நின்றேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "நாளையிலிருந்து அசெம்பிளிக்கு வாங்க. இங்கே எல்லோரும் அங்கேதான் படிச்சாங்க."

நித்யா சொன்ன வழி

மறுநாள் காலை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில், கடைசியாக, நான் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் என் இடுப்புக்குக் கீழே. வரிசையாகத் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நேர் முன்னால் நித்யா. முன்பற்கள் இரண்டும் இல்லை. திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கிளினு பேடியுண்டோ?"

பயம்தான் என்று தலையாட்டினேன்.

"பேடி வந்நால் காலிலெ விரல் அனக்கிக்கோ. ஆரும் காணூல்லா." பயம் வந்தால் கால் விரல்களை ஆட்டிக்கொள், யாருக்கும் தெரியாது என்று ரகசியமாகச் சொன்னாள். செய்தும் காட்டினாள். சின்னச் செருப்புக்குள் பத்து விரலும் பட்டாணி மாதிரி குதித்தன.

அன்று நான் மைக்குக்கு முன்னால் போனேன். விரல்களை ஆட்டினேன். அபி மலையாளத்தில் எழுதித் தந்த எட்டு வரிப் பேச்சின் முதல் சொல்லே வரவில்லை. என் மகளின் வழியில் போனேன்.

"மறந்நு போயி."

"சாரமில்லா!"

அந்தச் சத்தத்தை மைக்குக்கு முன்னால் நின்று கேட்டால்தான் தெரியும். குளிர்ந்த தண்ணீரை ஒரு வாளி எடுத்துத் தலையில் ஊற்றுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்குக்கு முன்னால் நின்று சிரித்த முதல் நாள் அதுதான்.

தினமும் போனேன். முதல் வரி வந்தது. பிறகு இரண்டாவது. விழாவுக்கு முந்தைய நாள் எட்டு வரியும் சொல்லி முடித்தபோது நித்யா என் விரலைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் தோழிகள் அந்த எட்டு வரியையும் பாட்டாகவே பாடிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அதில் வரப்போகும் ஆபத்து எனக்கு அப்போது தெரியவில்லை.

அண்ணாச்சியின் ஷூ

விழாவன்று அண்ணாச்சி தன் கறுப்பு ஷூவைக் கொடுத்தார். "தலைவரு செருப்போட ஏறப்படாதுடே." அவர் கால் என் காலைவிடச் சின்னது. அழுத்தி உள்ளே தள்ளிவிட்டோம். செல்வி என்னை இரண்டு முறை குளிக்க வைத்து, சட்டையில் பவுடரை வாரி அடித்தாள்.

மேடையில் என் பக்கத்தில் சிறப்பு விருந்தினர், எங்கள் வார்டு கவுன்சிலர். உட்கார்ந்ததும் அவர் ஒரு தும்மல் போட்டார். மாலையைக் கழற்றி வைத்தார். பூ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டார் போல. மறுபடியும் தும்மினார். நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

அபி மைக்குக்கு வந்தாள். "ஸ்ரீ எஸ். முருகேசன் அவர்களெ க்ஷணிக்குந்நு!"

என் பெயர் பந்தலைச் சுற்றி, மாமரத்தைத் தாண்டி, சாலை வரைக்கும் போனது. நான் எழுந்தேன். இந்த முறை தெரிந்தே எழுந்தேன்.

மைக்குக்கு முன்னால் வந்தேன். பயம் வந்தது. விரல்களை ஆட்டினேன். ஆடவில்லை. அண்ணாச்சியின் ஷூவுக்குள் பத்து விரலும் மூட்டையில் அடைத்த மிளகாய் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவ்வளவுதான், எட்டு வரியும் ஒரேயடியாகப் போய்விட்டது. பந்தல் முழுக்கப் பெரியவர்கள். எனக்குப் பழைய சிரிப்பு கேட்கத் தொடங்கியது.

பக்கவாட்டில் அபி நின்றிருந்தாள். உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன என்று எனக்குத் தெரியும்.

"மறந்நு போயி!" என்றேன் ஒலிபெருக்கியில்.

"சாரமில்லா!!"

பந்தலே ஒரு முறை குலுங்கியது. கவுன்சிலர் திடுக்கிட்டுத் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நான் குனிந்து ஷூ இரண்டையும் கழற்றி மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெறுங்காலில் நின்று விரல்களை நன்றாக ஆட்டினேன். முன்வரிசையில் நித்யா அதைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள்.

தொடங்கினேன். முதல் வரியை நான் சொன்னேன். இரண்டாவது வரியை என்னோடு சேர்ந்து ஒன்றாம் வகுப்பு சொன்னது. மூன்றாவதை மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சொன்னது. பல நாள் அசெம்பிளியில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. ஆறாவது வரிக்கு வந்தபோது நான் வாயசைத்தேன், பிள்ளைகள் பிரசங்கம் செய்தார்கள். டீச்சர்மார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வரியும் முடிந்தது. நான் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"நான் அஞ்சாங்கிளாஸ் வர படிச்சவன்," என்றேன். என் சொந்தப் பேச்சில், தமிழில். இது பிள்ளைகள் படிக்காத வரி. அடுத்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"அங்க மறந்தா சிரிப்பாங்க. அதனால பேசுறதயே விட்டுட்டேன். எம் மவ இங்க வந்துதான் பேசுனா. இந்த வருசம் நானும் இங்க ஒண்ணாங்கிளாஸ்ல சேந்துட்டேன். நித்யா என் கிளாஸ்மேட்."

நித்யா நாற்காலி மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கையசைத்தாள். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது. அவ்வளவு சத்தம். அபி அறிவிப்பாளர் என்பதை மறந்து ஓடி வந்து, சின்ன வயதில் பிடித்த அதே இடத்தில் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். இந்த முறை என்னை முன்னால் தள்ளுவதற்காக.

அடுத்துப் பேசிய கவுன்சிலர் பாவம். பழகிய பேச்சாளர். வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர் லதா டீச்சர் பெயரில் ஒரு நொடி தடுமாறினார். அவர் தயங்கியதுதான் தாமதம், பிள்ளைகள் முழங்கினார்கள்: "சாரமில்லா!" மனுஷன் முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். பிறகு தும்மினார்.

திரும்பும் பஸ்

ஷூவை மேடையிலேயே விட்டுவிட்டேன். அதற்காகவும் அபி ஒரு முறை மைக்கில் என் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு.

பஸ்ஸில் ஏறினோம். செல்விக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நானும் அபியும் கம்பியைப் பிடித்து நின்றோம். கையில் ஷூ, நெஞ்சு நிறையக் காற்று. பாயசத்தின் ஏலக்காய் இன்னும் வாயில் இருந்தது. எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் தும்மியவரிடம், "மிளகாய் மண்டியில வேல, அதான்," என்று நானாகவே சொன்னேன். செல்வி திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கரமனை நெருங்கியது. யாராவது எழுகிறார்களா என்று வழக்கம்போல் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை.

"ஆளிறங்ஙணம்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக்கை அப்படி ஒரு மிதி மிதித்தார். பெருமையாக இறங்கினேன். பின்னாலேயே இரண்டு பேரும் இறங்கினார்கள். பஸ் கிளம்பிப் போனது.

அபி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அப்பா, நம்ம ஸ்டாப் அடுத்ததில்லியோ?"

ஆமாம். ஆவேசத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே கத்திவிட்டேன். இத்தனை வருஷமும் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தவன், முதல் முறையாக வீட்டைப் பார்த்து முன்னே நடக்க வேண்டியிருந்தது.

"சாரமில்லா," என்றேன்.